குதிரையின் முன்னங்காலில் காணும் மஞ்சள் புள்ளிகளுக்கும் வயிற்றுப் புழுவுக்கும் என்ன தொடர்பு?

அந்தப் புள்ளிகள் ஒருவகை ஈயின் முட்டைகள். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் குதிரையின் இரைப்பைச் சுவரைப் பற்றி வளர்வதையே இரைப்பை ஈப்புழுத் தொற்று என்கிறோம்.

தேனீயைப் போலத் தோன்றும் பெண் ஈ, கடுகைவிடச் சிறிய முட்டைகளைக் கோடையில் குதிரையின் மயிர்களில் ஒட்டிச் செல்கிறது. குதிரை அவ்விடத்தை நக்கும்போது, வாயின் வெப்பமும் ஈரமும் பட்டு முட்டை பொரிய, வரப்பில் நடப்பவரின் வேட்டியில் நாயுருவி விதை தொற்றுவதைப் போலப் புழு நாவில் தொற்றிக்கொள்கிறது. நாவிலும் ஈறிலும் ஏறத்தாழ ஒரு மாதம் புதைந்திருந்து, பின்னர் இரைப்பைக்குள் இறங்கி, வாய்க்கொக்கிகளால் 8 முதல் 10 மாதங்கள் தொங்கியபின், இலத்தியோடு வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. குளிர்காலத்தைக் கடக்க இதைவிடக் கதகதப்பான இடம் ஏது!

சில புழுக்களால் பெரும்பாலும் தொல்லை வெளியே தெரிவதில்லை. மிகுதியானால் இரைப்பையில் புண் உண்டாகலாம். முட்டைகள் வெறும் நீரில் கழுவினால் போகா, கத்தியால் சுரண்டவேண்டும். உள்ளிருக்கும் புழுக்களுக்குப் புழுநீக்க மருந்துகளுள் ஐவர்மெக்டின் பயன்படும், ஃபென்பெண்டசோல் பயன்படாது.

இந்த ஈ கொட்டுகிறது என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால் அதன் பின்புறம் வளைந்து நீண்டிருப்பது முட்டையிடும் குழாயே தவிரக் கொடுக்கு அன்று.