அவெஞ்சர் எஞ்சினைப் பெரிதாக்கினால் லுணுகலை ஏற்றம் இலகுவாகுமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் 2016ஆம் ஆண்டு பஜாஜ் அவெஞ்சர் 220 பைக் இருக்கிறது, 48,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. வருடத்தில் மூன்று நான்கு தடவை மனைவியோடு பதுளை வழியாக நுவரெலியா போய்வருவேன். லுணுகலை ஏற்றத்தில் இப்போது பைக் இழுக்கவே கஷ்டப்படுகிறது. 70 மில்லிமீற்றர் பிஸ்டன் போட்டு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, சத்தமான சைலன்சரும் பூட்டித் தர ஒரு கராஜில் 85,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: வேண்டாம், தம்பி. அந்தக் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம் 67 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் நீளம் 62.4. துளையை 70 ஆக்கினால் 220 சிசி 240 ஆகும். கூடுவது நூற்றுக்கு ஒன்பது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவதால் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் எஞ்சின் பத்து வீதமளவு வலுவை இழக்கும். 85,000 கொடுத்து வாங்கிய ஒன்பது வீதத்தை விட மலை பறித்துக்கொள்வது அதிகம்.

ஹெட்டைச் சீவினால் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம், ஏறும். அப்புறம் 92 ஒக்டேன் பெற்றோலில் பாரம் ஏற்றி மலை ஏறும்போது எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்கும். அதோடு ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். செங்கலடியிலிருந்து பதுளை வரை எல்லாப் பெற்றோல் செட்டிலும் அதைத் தாங்கும் 95 ஒக்டேன் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். என் பழைய பைக்குக்கும் இப்படித்தான் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட்டேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் மஹாஓயா தாண்டி, பின்னால் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போகையில் எஞ்சின் இறுகி, பின் சில்லு அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினோம். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் பூனை நகம் கீறியது போல வரி வரியாக உரிந்து, அலுமினியம் சிலிண்டரில் ஈயம் பூசினாற்போல ஒட்டிக் கிடந்தது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே லேத்தில் விட்ட இடைவெளி போதவில்லை. மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான் அந்தப் பிழை. பெண்பிள்ளையோடு அந்தக் காட்டு வீதியில் லொறிக்காகக் காத்திருந்த பின்னேரத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் கொள்ளளவை அனுமதியில்லாமல் மாற்றுவதும் சிக்கல். விபத்து என்று வந்தால் காப்புறுதி கையை விரிக்கக்கூடும்.

சரி, ஏற்றத்துக்கு என்ன வழி? முன்பு ஏறிய பைக் இப்போது ஏறவில்லை என்றால் எஞ்சின் சிறியது என்பதல்ல, அதன் வலு எங்கோ கசிகிறது. மீற்றர் வைத்துக் கம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு இடைவெளி, எயார் பில்டர், பிரேக் உரசுகிறதா என்பதையும் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லையா? முன் சொக்கட்டில், அதாவது எஞ்சின் பக்கத்தில் செயினை இழுக்கும் பற்சில்லில், ஒரு பல் குறையுங்கள். உதாரணமாக, 15 பல்லுக்குப் பதிலாக 14 போட்டால் பின் சில்லுக்குப் போகும் இழுவை ஏழு வீதம் கூடும். எஞ்சினைத் திறக்கவே தேவையில்லை, பிடிக்காவிட்டால் பழையதைப் பூட்டலாம். உச்ச வேகம் குறையும், பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனால் ஊருக்கு வெளியே நமக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை, அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமும் இல்லை. மிச்சக் காசில் நல்ல டயரும் பிரேக் பேட்டும் வாங்குங்கள், பசறையிலிருந்து இறங்கும்போது அவைதான் உங்கள் இருவரையும் காக்கும்.

கம்பிரஷன் குறைவாக இருந்து, சிலிண்டர் தேய்ந்ததுதான் காரணம் என்றால், அப்போது போர் அடிப்பது சரியான வேலை. ஆனால் கம்பனி சொன்ன, சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனையே போடுங்கள், 70க்குப் போகாதீர்கள். முதல் 1,000 கிலோமீற்றரைக் கல்முனைப் பக்கச் சமதரையில் மெதுவாக ஓட்டி முடித்த பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள்.