மூடில், பாமினி, என்பிடெல்: கல்லூரி ஆசிரியர்கள் கேட்டவை

எங்கள் கல்லூரியில் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பருவத் தொடக்கத்தில் ஆசிரியர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

வணிகவியல் ஆசிரியை: 50 நிமிட வகுப்பை அப்படியே வீடியோவாக எடுத்துப் போட்டேன். யாரும் முழுதாகப் பார்ப்பதில்லையே?

பார்க்க மாட்டார்கள், மேடம். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பாதிப் பார்வைகளாவது ஆறு நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. தேய்மானத்துக்கு ஒன்று, வங்கிச் சரிகட்டும் பட்டியலுக்கு ஒன்று என்று உடைத்துப் போடுங்கள். கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம், காலர் மைக் வாங்குங்கள். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அதற்கும் முன்னால், ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். நல்லதாக ஒன்று கிடைத்தால் இணைப்பைக் கொடுத்துவிட்டு, மிச்சப்படும் நேரத்தில் பயிற்சிக் கணக்குகள் தயாரிக்கலாம்.

தமிழ்த்துறைப் பேராசிரியர்: பழைய வினாத்தாளை மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள், ஐயா. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. மூடிலில் அந்த எழுத்துரு இல்லாததால் வேடம் கலைந்துவிடுகிறது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் துறைக் கணினிகளில் பாமினி இன்னும் ஓய்வு பெறவில்லை! என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி ஒன்றில் போட்டு எடுங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் அது ‘தமிழாக்கி’ வைக்கும். அந்த இடங்களைக் கையால் திருத்த வேண்டும். மேற்கோள் குறிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இனி அடிப்பதையாவது யூனிகோடிலேயே அடியுங்கள்.

இயற்பியல் விரிவுரையாளர்: 200 ஒரு மதிப்பெண் வினாக்கள். ஒவ்வொன்றாக ஏற்றணுமா சார்?

வேண்டாம். மூடில் படித்துக்கொள்ளும் ஐக்கன் (Aiken) என்ற எளிய வடிவத்தில் நோட்பேடில் எழுதுங்கள். முதல் வரியில் கேள்வி. அடுத்து வரிக்கு ஒரு விடை, ஒவ்வொன்றின் முன்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் புள்ளியும். கடைசி வரியில் ஆன்சர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, சரியான விடையின் எழுத்து. சேமிக்கும்போது என்கோடிங்கில் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்து, வினா வங்கியில் இறக்குமதி செய்தால் மொத்தமும் ஏறிவிடும்.

பொருளியல் ஆசிரியர்: பாடநூலை ஸ்கேன் செய்து போடலாமா?

முழு நூலா? கூடாது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலுக்காக ஆசிரியர் நகலெடுக்க இடம் தருகிறது. நூல் பகுதிகளை நகலெடுத்து விற்றதாக டெல்லிப் பல்கலைக்கழக நகல் கடை மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் அதையொட்டித்தான் தீர்ப்பளித்தது. அதற்காக நூலையே பொதுவெளியில் விடலாம் என்று அர்த்தமில்லை. தேவையான பகுதியை மட்டும், பாடத்தில் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள்.

கணினித்துறை ஆசிரியை: ஊரில் சிக்னல் இல்லாத மாணவர்கள் தேர்வை எப்படி எழுதுவார்கள்?

மூடில் செயலியில் வினாடி வினாவை முன்பே இறக்கி வைத்து, இணையம் இல்லாமல் எழுதலாம். அதற்கான அனுமதியை வினாடி வினா அமைப்புகளில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நேர வரம்பு வைத்தால் இது நடக்காது. அதனால் உள் மதிப்பீட்டுத் தேர்வுக்கு ஒத்துவராது, வாராந்திரப் பயிற்சிக்குத் தாராளமாக வைக்கலாம்.