சிறைக்குள்ளிருந்து வக்கீல் இல்லாமல் வழக்கு: சில கேள்விகள்

என் தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலச் சிறையில் இருக்கிறான். முதுகுவலிக்குச் சரியான வைத்தியம் இல்லை. வழக்குப் போட அரசாங்கத்தில் இலவசமாக வக்கீல் தருவார்களா?

தர மாட்டார்கள். 1963-ல் கிடியன் வழக்கில் கிடைத்த இலவச வக்கீல் உரிமை குற்ற வழக்குக்கு மட்டும்தான். இது, அரசு அதிகாரிகள் உரிமையை மீறினார்கள் என்று போடும் சிவில் வழக்கு, 'செக்‌ஷன் 1983' என்பார்கள் (ஆண்டு இல்லை, பிரிவு எண், சட்டம் 1871-லேயே வந்தது). நீதிபதி நினைத்தால் யாராவது வக்கீலிடம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

வைத்தியம் சரியில்லை என்பது மட்டும் போதாது. டெக்சாஸ் சிறையில் பஞ்சுப் பொதி விழுந்து முதுகு போன கேம்பிள் என்ற கைதி தானே கையால் எழுதிப் போட்ட வழக்கில்தான், தெரிந்தே அலட்சியம் காட்டினால் அது அரசியல் சட்டம் தடை செய்த கொடுந்தண்டனை என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மூன்று மாதத்தில் 17 முறை அவரைப் பார்த்திருக்கிறார்கள் என்பதால், டாக்டர்மேல் அவர் வைத்த புகார் நிற்கவில்லை! அதனால் கேட்டும் பார்க்காத நாள்களைத் தம்பி தேதியோடு குறித்து வைக்கட்டும்.

நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமா?

கூடாது. நான் பார்த்தவரை பாதி வழக்கு சாவது இங்கேதான். 1996-ல் வந்த சட்டப்படி சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து, மேல்முறையீடும் முடித்த பிறகுதான் வழக்கு. டெக்சாஸில் முதல் புகாருக்கு 15 நாள்தான். தேதி தவறினால் நியாயம் எவ்வளவு இருந்தாலும் கதை முடிந்தது, 2006-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. அதிகாரிகள் மிரட்டியோ ஏமாற்றியோ புகார் கொடுக்க விடாமல் செய்தால் விலக்கு உண்டு, ஆனால் அதைக் காட்ட ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கார்பன் தாள் இல்லாவிட்டால் கையாலேயே இன்னொரு பிரதி.

காசு இல்லை. கோர்ட் கட்டணம் தள்ளுபடி ஆகுமா?

முழுசாக ஆகாது. 350 டாலரைக் கைதியின் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிப்பார்கள், மாத வரவில் 20 சதவீதம். வழக்கு தள்ளுபடியானாலும் பிடித்தம் நிற்காது. அப்புறம், வீண் வழக்கு என்று மூன்று முறை தள்ளுபடியானால் தவணைச் சலுகையும் போய்விடும், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருந்தால் தவிர.

நானே எழுதித் தாக்கல் செய்யட்டுமா, அக்கா?

எழுத உதவலாம், கையெழுத்து அவனுடையதாக இருக்க வேண்டும். வக்கீல் அல்லாத நீங்கள் அவனுக்காக வாதாட முடியாது. சட்டம் தெரிந்த சக கைதி இருந்தால் அவரிடமும் உதவி கேட்கலாம். கையெழுத்துப் பிரதி பரவாயில்லை: அரை அங்குலத் தாடி வைக்க ஆர்கன்சா கைதி ஒருவர் கையால் எழுதிப் போட்ட மனு, 2015-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது.