வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு வரையவும் வண்ணம் தீட்டவும் என்ன செய்து கொடுக்கலாம்?

நான்கு வயதுப் பையன் கலரிங் புத்தகத்தை இரண்டு பக்கத்திலேயே தூக்கிப் போட்டுவிடுகிறான், வீட்டில் அவனுக்கு வேறு என்ன செய்து கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் இப்படித்தான் இருந்தாள். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டுக்குள்ளும் தெருவிலும் தமிழ். மகளுக்கு அப்போது நாலரை வயது. அவள் போய்க்கொண்டிருந்த மழலையர் பள்ளியில் யானைப் படம் ஒன்றைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். இவள் யானைக்கு மஞ்சள் அடித்திருக்கிறாள், அதுவும் கோட்டைத் தாண்டி. பக்கத்துப் பிள்ளை தாளில் நட்சத்திரம், இவள் தாளில் பெரிய இன்ட்டு. அன்றிலிருந்து கிரேயானைத் தொடவே மாட்டாள். நான் எடுத்துக் கொடுத்தால், "நீயே போட்டுக் குடும்மா, எனக்குத் தப்பாப் போயிரும்" என்பாள். நாலரை வயதுக் குழந்தை வாயில் அந்த வார்த்தையைக் கேட்டு நான் இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் இருபத்து நாலு கலர் பெட்டியும் இன்னும் இரண்டு புத்தகமும் வாங்கி வந்தேன். ஒன்றும் மாறவில்லை.

மாறியது ஆரத்தித் தட்டில். என் தம்பி கல்யாணம் முடிந்து பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தபோது, அம்மா தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, விரல் நுனியில் துளி சுண்ணாம்பு எடுத்து அதில் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே சிவந்தது. மகள் தாம்பாளத்தை விட்டு நகரவில்லை.

"மஞ்சள் எங்க போச்சு அம்மிச்சி?"

"அதுக்குள்ளயேதான் இருக்குது சாமி. சுண்ணாம்பைக் கண்டா செவந்துரும்."

மறுநாள் காலையில் எழுந்ததும் கேட்டது, "ஆரத்திக் கலர் செய்யலாமா?" செய்தோம். அதில் எலுமிச்சம் பழம் பிழிந்தால் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்துவிடும், அதையும் காட்டினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் விரலாலேயே பூசினாள். என்ன வரைந்தாள் என்று எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. ஆனால் மதியச் சோற்றுக்கு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான். படத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வதை விட, வண்ணத்தை அவனே உண்டாக்கட்டும். தான் செய்த வண்ணம் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் 'தப்பாப் போயிரும்' என்று நினைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும், பார்வைக்கே ஆபத்து. பெரியவர் கலந்து, டப்பாவை உடனே எட்டாத உயரத்தில் வைத்துவிட வேண்டும். சுண்ணாம்பே இல்லாமலும் இந்த வித்தையைச் செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் தண்ணீரைப் பூசிக் காயவிடுங்கள். பிறகு கிண்ணத்தில் கொஞ்சம் குளியல் சோப்பு கரைத்த தண்ணீரும், பஞ்சு சுற்றிய குச்சியும் கொடுங்கள். அவன் இழுக்கும் கோடெல்லாம் செம்பழுப்பாக எழும்பும். என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரு மழைநாள் முழுக்க இதிலேயே கழித்தார்கள்.

வண்ணம் தாளில் ஒட்ட வேண்டுமே, அதற்கு வடிகஞ்சி போதும். பச்சரிசிக் கஞ்சியாக இருந்தால் நல்லது. மட்டை அரிசிக் கஞ்சியில் லேசான சிவப்பு இருக்கும், வெளிர் நிறங்களைக் கெடுக்கும். கொஞ்சம் கெட்டியான கஞ்சி இரண்டு கரண்டிக்கு ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், அவ்வளவுதான். மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள், புளித்து நாறும். சங்குப்பூ பத்தைச் சுடுதண்ணீரில் போட்டால் அரை டம்ளர் நீலம் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதாவாகி, பிறகு ரோஸ் ஆகும். செம்பருத்திக்கு இந்த வேலைகூட இல்லை, இதழை அப்படியே தாளில் தேய்த்தால் நீலம் கலந்த ஊதா வரும். சிவப்புப் பூவிலிருந்து ஊதா வருவதைப் பார்த்து மகள் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பீட்ரூட் எல்லோருக்கும் தெரியும். இவையெல்லாம் வெயில் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும், பிடித்த படத்தைச் சுவரில் ஒட்டாமல் ஃபைலுக்குள் வையுங்கள்.

மண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண், கொஞ்சம் தள்ளிப் போனால் செம்மண். இரண்டையும் ஒரு பிடி எடுத்து வந்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அம்மிக்கல்லில் பொடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தோம். துணியில் தங்கிய குறுமணலை மகள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள், அது அவளுக்கு வேறொரு பொக்கிஷம். சலித்த மண்ணைத் தொட்டால் முகப் பவுடர் போல இருக்கும். கஞ்சி விட்டுக் குழைத்தால் தாளில் அழகாக உட்காரும், பூவில் எடுத்த வண்ணம் போல வெளுக்கவும் செய்யாது. கஞ்சிக்குப் பதில் கருவேலம் பிசினை ஊறவைத்தும் சேர்க்கலாம், இன்னும் உறுதியாகப் பிடிக்கும். தூரிகைக்கு என் அப்பா பனைமட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஊறவைத்து, நுனியைக் கல்லில் நசுக்கிக் கொடுத்தார். நார் பிரிந்து பிரஷ் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் சுவருக்கு வெள்ளையடித்தது இப்படி நசுக்கிய மட்டையால்தானாம். அந்தச் செம்மண்ணில்தான் மகள் மறுபடி ஒரு யானை வரைந்தாள். "யானை செவப்பா இருக்குமா?" என்று அவள் அண்ணன் கேட்டான். "மண்ண வாரிப் போட்டுக்கிட்டா இருக்கும்" என்றாள். உண்மைதானே, செம்மண் காட்டு யானையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சபரிமலை மண்டல காலத்தில் இங்கே கோவில்களில் களமெழுத்து நடக்கும், தரையில் வண்ணப் பொடிகளால் தேவியை வரைந்து பாட்டுப் பாடும் சடங்கு. பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஐந்தே ஐந்து பொடி. அரிசி மாவில் வெள்ளை, மஞ்சளில் மஞ்சள், உமிக்கரியில் கறுப்பு, இலையைக் காயவைத்துப் பொடித்துப் பச்சை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பு. பிரஷ் கிடையாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பொடியை நழுவவிட்டே தேவியின் முழு உருவத்தையும் தரையில் கொண்டு வந்துவிடுவார்கள். மகள் சிவப்புப் பொடியைக் காட்டி, "அம்மா, ஆரத்திக் கலர்!" என்று சத்தமாகச் சொன்னாள். பாட்டு முடிந்து களத்தை அழிக்கும்போது கலங்கிப்போனாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் வாசலில் கோலப்பொடி தூவுவதே வேலை. மாலையானால் தானே விளக்குமாறு எடுத்துப் பெருக்கிவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்குவாள்.

மூன்று வயதுக்குள் என்றால் எல்லாம் வாய்க்குத்தான் போகும். அவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரும் வெள்ளையடிக்கிற பிரஷும் கொடுத்து, வெயில் நேரத்தில் திண்ணைச் சுவர் பக்கம் விட்டு, நீங்களும் கூடவே உட்காருங்கள். ஈரத்தில் வரைவதும் அது காய்ந்து மறைவதும் அவர்களுக்குப் போதும். கிறுக்குகிறானே என்று கவலை வேண்டாம். சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பல நாட்டுக் குழந்தைகளின் படங்களை, கிட்டத்தட்ட 10 லட்சம், சேர்த்துப் பார்த்தவர். முதலில் கிறுக்கல், பிறகு வட்டம், வட்டத்துக்குள் சிலுவைக் கோடு, வட்டத்தைச் சுற்றிக் கதிர், அதற்கப்புறமே மனித உருவம் என்று எங்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருவதை அவர் எழுதியிருக்கிறார். கோலம் போடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

அச்சு போடுவது எந்த வயதுக்கும் பிடிக்கும். முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, வெங்காயத்தை வெட்டினால் வளையம், வாழைத்தண்டுக்கு வேறொரு வடிவம். வெட்டிய பக்கத்தைத் துணியில் ஒற்றிவிட்டு வண்ணத்தில் தொட்டால் அச்சு தெளிவாக விழும், இல்லையென்றால் காயின் ஈரத்தில் கரைந்துவிடும். தாளுக்குக் கல்யாணப் பத்திரிகை, புடவை அட்டைப்பெட்டி, காலண்டர் எல்லாம் ஆகும்.

வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய எனாமல் பெயிண்ட்டை மட்டும் கொடுக்க வேண்டாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது.

பையன் படத்தைக் கொண்டுவந்து காட்டினால் "இது என்னடா?" என்று கேட்காதீர்கள். பதில் தெரியாமல் விழிப்பான், இல்லையென்றால் உங்களுக்காக ஏதாவது ஒரு பெயர் வைப்பான். "இந்த இடத்துல இவ்வளவு மஞ்சள் போட்டிருக்கியே" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். மீதியை அவனே சொல்லுவான். அவன் கோட்டின் மேல் உங்கள் கை போகவே கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

இன்று சாயங்காலமே தொடங்குவதாக இருந்தால் மஞ்சள், கஞ்சி, சோப்புத் தண்ணீர் மூன்றும் போதும். பழைய சட்டை போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது. எங்கள் ஊர் போலக் காற்றடிக்கும் ஊர் என்றால் தாளின் நான்கு மூலையிலும் கல் வையுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் மகளின் தாள் ஒன்று தென்னந்தோப்பைத் தாண்டிப் போய்விட்டது. அதை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறாள்.