கூட்டாளியின் மனக்கணக்கு

வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே ஸ்டாலினின் நோக்கங்களைப் பிரிட்டிஷ் உளவுத்துறை மதிப்பிட்டிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்தும் கிழக்கு ஐரோப்பாவை ஏன் தாரை வார்த்தார்கள்? உளவுத்துறை கோட்டை விட்டதா, சர்ச்சில் காதில் போட்டுக்கொள்ளவில்லையா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் இல்லை. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்ததும், அந்த நாட்டின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் வேலையைப் பிரிட்டன் கிட்டத்தட்டக் கைவிட்டது. கூட்டாளியாகிவிட்டானே! ஆகவே 1944 டிசம்பரில் ரஷ்யாவின் நோக்கங்கள் பற்றிக் பிரிட்டனின் உளவுத் தகவல்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் கூட்டு உளவுக் குழு அறிக்கை எழுதியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் ஊகம்தான். ரஷ்யனின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார்கள். முப்பது ஆண்டுகளில் இரண்டு முறை ஜெர்மனியோடு போரிட்ட நாடு. இடிந்ததைக் கட்ட அமைதி வேண்டும். எல்லையை ஒட்டிச் சொன்னபடி கேட்கும் நாடுகள் வேண்டும். அது கிடைத்தால் மேற்குடன் ஒத்துப்போகவே பார்க்கும். பாதிக் கணக்கு சரி. ஆனால் ஸ்டாலினுக்கு எவ்வளவு பாதுகாப்பு போதும் என்பதை எந்த ஊகமும் சொல்லிவிட முடியாது.

தளபதிகளுக்கு இந்த நம்பிக்கை இல்லை. ஜெர்மனியைத் துண்டாடுவதைவிட, இருபது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ரஷ்ய அபாயத்துக்கு எதிராக அதை மெல்ல நட்பு நாடாக்குவதே மேல் என்று பிரிட்டிஷ் தரைப்படைத் தலைவர் ஆலன் புரூக் 1944 ஜூலையிலேயே நாட்குறிப்பில் எழுதினார். தளபதிகளின் திட்டத் தாள்களிலும் இதே பேச்சு வந்ததும் வெளியுறவு அலுவலகம் பதறியது. இப்படிப்பட்ட தாள்கள் மாஸ்கோவுக்குத் தெரிந்தால் நட்பு என்னாவது? மிகச் சிலர் கண்ணில் மட்டுமே பட வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் ரகசிய உளவுத்துறையில் சோவியத்துக்கு எதிரான பிரிவின் தலைவராக வந்து அமர்ந்தவர் கிம் ஃபில்பி, மாஸ்கோவின் ஆள்!

தாரை வார்த்தது பற்றி: 1944 அக்டோபர் 9 இரவு, மாஸ்கோவில் சர்ச்சில் அரைத்தாளில் எழுதினார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதச் செல்வாக்கு, கிரீஸில் பிரிட்டனுக்கு 90, ஹங்கேரியும் யூகோஸ்லாவியாவும் பாதிப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு ‘டிக்’ போட்டுத் திருப்பித் தந்தார். அறியாமல் செய்த காரியமா இது? சோவியத் ராணுவமான செஞ்சேனை ஏற்கெனவே ருமேனியாவில் நின்றது. கையை விட்டுப் போனதற்குச் சதவீதம் எழுதி, கிரீஸைக் காப்பாற்றிக்கொண்டார். 1945 மே மாதம் செஞ்சேனையைப் பின்தள்ள ஒரு போர்த்திட்டமே கேட்டார். ஜூலை 1 தொடக்க நாள் என்றுகூடக் குறித்தார்கள். வெற்றி கைக்கெட்டாது என்றார்கள் தளபதிகள்.

மறுபக்கமும் கேளுங்கள். பிரிட்டன் தன் நாட்டுக்குள் ஒற்றர்களை நுழைத்திருக்கிறதா என்று மாஸ்கோ தன் லண்டன் ஆட்களைக் குடைந்தது. சொல்லும்படி யாரும் இல்லை என்றார்கள் ஃபில்பியும் கூட்டாளிகளும். உண்மையும் அதுதான். மாஸ்கோ நம்பவில்லை. இத்தனை நல்ல பதவிகளில் இருந்துகொண்டு ஒருவரைக்கூடக் காட்டிக்கொடுக்காதவர்கள் பிரிட்டனின் இரட்டை ஒற்றர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று 1943இல் முடிவுகட்டியது.