திருகோணமலையில் பழைய கல்தூண்களைப் பார்க்கப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வருகிறோம், பழைய கல்தூண்கள், கல்வெட்டுகள் இருக்கும் இடங்களைப் பார்க்க ஆசை, எப்படிப் போய்வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊர்க்காரன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்கம் விகாரைக்குப் போங்கள். எங்கள் ஆட்கள் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், பள்ளி என்றால் இங்கே பௌத்த விகாரை. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கக் கொடுத்த பசுக்களின் கணக்கு வருகிறது. புத்தருக்கு நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு வைக்கத் தமிழர் ஒருவர் மாடு கொடுத்து, அதைத் தமிழிலேயே கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார். ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. எனக்கு அந்த இடத்தில் எப்போதும் தொண்டை அடைக்கும்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: எழுத்தில் கை வைக்காதீர்கள். ஒருமுறை ஒரு தம்பி, படத்தில் எழுத்து தெளிவாக விழட்டும் என்று சோக்கட்டியால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆசைதான். ஆனால் தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும், அந்தப் பொடியும் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அவருடைய கைப்பேசி டோர்ச்சை வாங்கிக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். வெட்டுகளுக்குள் நிழல் விழுந்ததும் 'க' ஒன்று எழும்பி வந்தது, அடுத்து இன்னொன்று. "அண்ணா, இது எங்கட தமிழ்!" என்றார். காலை ஏழு மணிச் சாய்வெயிலும் இதே வேலையைச் செய்யும். உச்சி வெயிலில் போனால் வெறும் கல்தான் தெரியும்.

காலையில் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. விகாரை வளவில் செருப்பைக் கழற்ற வேண்டும், பத்து மணிக்கு மேல் தரை சுடும். பிள்ளைகளுக்குக் காலுறை கொண்டு வாருங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பு போதும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம், இந்த நாட்டில் அது பெரிய பிரச்சினையாகிவிடும். தூணில் சாய்வதோ பிள்ளைகளை ஏற்றிவிடுவதோ கூடாது. அடிப்பக்கம் தளர்ந்த தூணும் இருக்கலாம், பார்த்தால் தெரியாது.

நேரம் இருந்தால் குச்சவெளிக்கு அப்பால் திரியாய்க்கும் போகலாம். குன்றின் மேல் சின்னத் தாதுகோபத்தைச் (பௌத்தத் தூபி) சுற்றி வட்டவட்டமாகக் கல்தூண்கள். பாறையில் பல்லவ கிரந்தம் என்ற பழைய தென்னிந்திய எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. படிக்கட்டு ஏற வேண்டும், தண்ணீர் போத்தல் கட்டாயம். காட்டுப் பக்கம் என்பதால் பொழுது சாய முன்னரே இறங்கித் திரும்பிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. புல்லுக்குள் விழுந்து கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்க்காதீர்கள், அடியில் பாம்பு கிடக்கலாம்.

அப்புறம், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலில் மீன் சின்னமும், அந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பேர் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லில்தான் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாசல் ஒடுக்கம், வாகனம் வந்துகொண்டே இருக்கும். நடுவில் நின்று அண்ணாந்து வாசிக்காமல் ஓரமாக நில்லுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, கமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்.