காய்ந்த காட்டைப் பார்த்துக்கொள்வது: கேள்வி பதில்

மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள் வற்றிக் கிடக்கும் இந்த நேரத்தில் வந்த சில கேள்விகள் இவை. டி. கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரி வெள்ளாமை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேரையூரிலிருந்து: அண்ணே, 'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று அப்பா சொல்வார். ஒரு தூறல்கூட இல்லை. இப்போதே டிராக்டர் விட்டு உழலாமா?

வேண்டாம் தம்பி. கோடை மழை ஒன்றிரண்டு விழும் என்ற கணக்கில் சொன்ன சொலவடை அது. ஈரமே இல்லாமல் ஓட்டினால் செவல் மண்ணில் மேல்மண் காற்றோடு போகும், கரிசல் மண்ணில் பாறை பாறையாகக் கட்டி பெயரும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்களே, அந்தக் கோடையில் அவசரப்பட்டு ஓட்டி மண்ணை இழந்தேன். ஒரு உழவு மழை கிடைக்கட்டும். அப்புறம் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். ஒவ்வொரு உழவுச் சாலும் அடுத்த மழையைப் பிடித்து நிறுத்தும். அதுவரை வரப்பில் உடைப்பு இருந்தால் அடையுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: போர்வெல் 600 அடியில் வற்றிவிட்டது. 1,000 அடிக்கு இறக்கலாமா?

நம் பக்கம் அடியில் இருப்பது கடினப் பாறை. பாறை வெடிப்பில் தேங்கியதுதான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். கடன் வாங்கி இறக்காதீர்கள். அதற்குப் பதில் நிலத்தின் தாழ்ந்த மூலையில் மழைநீர் தேங்க ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். கண்மாய் காய்ந்திருக்கும்போதே தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அதன் வண்டல் மண்ணை எடுத்து நிலத்தில் அடியுங்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: தென்னை மட்டை தொங்குகிறது.

காய்ந்த அடிமட்டைகளை வெட்டி, மரத்தைச் சுற்றியே மூடாக்குப் போடுங்கள். தேங்காய் மட்டையை வட்டப் பாத்தியில் புதைத்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தண்ணீர் விட்டால் சாயங்காலம் விடுங்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா: அரிட்டாபட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தரிசு. எருக்கும் ஆவாரையும்தான் நிற்கிறது. சுத்தம் செய்துவிடலாமா தம்பி?

தயவுசெய்து விட்டுவையுங்கள் அக்கா. ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். எருக்கிலையைத் திருப்பினால் கடுகைவிடச் சிறிதாக வெள்ளை முட்டை ஒன்று இருக்கலாம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இட்டது. அதன் புழுவுக்கு எருக்கிலைதான் சாப்பாடு. மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும்போது ஆவாரம்பூவில் தேனீ சுற்றும். பூச்சி இருந்தால் ஓணானும் குருவியும் வரும். அரிட்டாபட்டி மலையின் வல்லூறுகளுக்கு இரை இந்த மாதிரிப் புதரில்தான் வளர்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த ஊர் அது. உங்கள் தரிசும் அதன் ஓரம்தான்.

வெட்டவெளியில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். ஆட்காட்டி கூடே கட்டாமல் தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும். வெயில் கொளுத்தினால் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். அதற்குப் பக்கத்தில் எங்காவது தண்ணீர் வேண்டும். அகலமான மண்சட்டியில் வைத்து, தேனீ மூழ்காமல் இருக்க நடுவில் நான்கு கல் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு பெருகும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று: மாமா, தொழுவத்து ஓரம் புழுதியில் புனல் மாதிரி குட்டிக் குழி இருக்கிறது. யார் தோண்டியது?

குழியானை, கண்ணு. குழிக்கு அடியில் ஒளிந்திருக்கும். எறும்பு சறுக்கி விழுந்ததும் பிடித்துக்கொள்ளும். வளர்ந்ததும் தும்பி மாதிரி இறக்கையோடு பறந்துபோகும். ஒரு துரும்பால் குழியின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பார், அடியிலிருந்து மண்ணை வாரி எறியும். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடு. முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அதே இடத்துக்குப் பக்கத்தில் தேடு. சிவப்பு வெல்வெட் துணி மாதிரி தம்பலப்பூச்சி ஊர்ந்து வரும். எத்தனை பார்த்தாய் என்று எனக்கு எழுது.